சாய்பலகையில் கோளாறு இல்லை

மெய்ன் கடற்கரை
மார்ச் 4

ட்ரூடி,

மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இன்னும் பேசாமல் இருந்தால் உன் அண்ணன் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வாய். மன்னிக்கவில்லை.

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை கிடைத்தது. பதினான்காம் எண் பேருந்தின் முகப்பில் பச்சை இலை வளையம் மாட்டி, அதன் முன்னால் நீயும் மற்ற ஓட்டுநர்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். பின்னால் பேருந்து நிலையத்தின் சுவர். சுவரில், நிலையத்தைத் திறந்தபோது பதித்த அந்த வெண்கலப் பலகை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். போக்குவரத்துத் துறை இயக்குநர் டக்ளஸ் ரெம்மின் பெயர் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து ஹோட்டலில் தங்கி, நான் போட்ட அட்டவணைக்குத் தங்கள் மேலட்டையை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போன ஆலோசனை நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. வாசலில் செடி நட்ட நர்சரியின் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை.

ஆஷ்கிராஃப்ட் கவுண்டியில், அந்த மாவட்டம் முழுக்கவும், பேருந்துகள் எப்படி ஓடின என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தடமும் தன் பாட்டுக்கு வரும், தன் பாட்டுக்குப் போகும். ஒன்றிலிருந்து இறங்கியவர் மற்றொன்றின் முதுகைத்தான் பார்ப்பார். அடுத்தது வர ஒரு மணி நேரம் ஆகும். அதை நான் மாற்றினேன். எல்லாத் தடங்களும் ஒரே நேரத்தில் பெல்வேர் மாலின் ஓரத்திலுள்ள நிலையத்துக்கு வந்து சேரும். ஐந்து நிமிடம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும். மாற வேண்டியவர்கள் மாறி ஏறிய பிறகு எல்லாம் சேர்ந்து கிளம்பும். நான் அதற்குக் கூடல் என்று பெயர் வைத்தேன். ரெம் அதைச் ‘வீண் நேரம்’ என்றார். திறப்பு விழாவில் கத்தரிக்கோல் பிடித்த அதே கையால் அந்த ஐந்து நிமிடத்தையும் வெட்டி எடுத்தார். நான் வேலையை விட்டேன்.

நீ என்ன செய்தாய்? என் கடைசி நாளன்று ரெம் வாங்கி வந்த கேக்கைத் தின்றாய். தட்டும் கையுமாக நின்ற உன்னை நான் பார்த்தேன்.

இங்கே பேருந்து கிடையாது. காலையில் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து தெருவை நிரப்பும். அரைத்தூக்கத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்கும், பேருந்துக் கதவு திறக்கும்போது விடுமே, அந்தப் பெருமூச்சு. எழுந்து ஜன்னலைத் திறந்தால் வெறும் அலை.

வெண்டல்


பெல்வேர்
ஏப்ரல் 11

வெண்டல்,

போனை எடுக்க மாட்டே. கடுதாசியில மட்டும் வண்டி வண்டியா திட்டுவே. சரி, நானும் எழுதறேன்.

முதல்ல அந்தக் கேக். ஆமா, தின்னேன். எலுமிச்சை கேக். விடியறதுக்கு முன்னாடி டிப்போவுக்கு வந்தவ, மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்கல. ரெம் வாங்கிட்டு வந்தா எலுமிச்சை புளிக்காம போயிடுமா? ரெண்டாவது துண்டும் வாங்கித் தின்னேன். அது உனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுக்கோ, அதுக்கும் சேர்த்துக் கோவப்படு.

இப்ப ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. அங்க உனக்கு நண்டைத் தவிர யாரும் இல்லைன்னு நினைக்கறேன், இருந்தாலும் சொல்லி வைக்கறேன்.

நாங்க இன்னும் நிக்கறோம்.

அஞ்சு நிமிஷத்தை எடுத்த முதல் வாரம் நடந்தது. பெர்னடெட்னு ஒரு அம்மா, முதியோர் இல்லத்துல துணி துவைக்கறவங்க. லமார் ஓட்டற ஆறாம் நம்பர்ல வந்து என் பதினாலுல மாறணும். ஆறு உள்ள வருது, என் நேரம் முடிஞ்சுபோச்சு, நான் கிளம்பிட்டேன். கண்ணாடியில பார்த்தா பையைத் தூக்கிட்டு ஓடி வர்றாங்க. ஓட ஓடச் சின்னதா ஆயிட்டே போறாங்க.

மறுநாள் ரேடியோவுல லமார் கூப்பிடறான். “பதினாலு, கொஞ்சம் நில்லு கண்ணு. உன் ஆளு என் வண்டியில இருக்காங்க.”

கன்ட்ரோல் ரூம் உடனே, “ஆறாம் நம்பர், யாரையும் நிக்கச் சொல்ல உங்களுக்கு அனுமதி கிடையாது.”

“நிக்கச் சொல்லலீங்க. பதினாலோட சாய்பலகை மடங்க மாட்டேங்குதுன்னு நினைக்கறேன், அவ்வளவுதான்.”

நான் என் சாய்பலகையைப் பார்த்தேன். சக்கர நாற்காலிக்காரங்க ஏறுறதுக்கு வாசல்ல இருக்கற அந்தப் பலகை, பாவம், ஒரு தப்பும் பண்ணாம மடங்கிக் கெடக்கு. பலகை வெளிய நீட்டிட்டு இருந்தா வண்டியை எடுக்கக் கூடாது, அது சட்டம். எந்த இயக்குநரும் எடுன்னு சொல்ல முடியாது. ஸ்விட்சைத் தட்டினேன். சாவகாசமா வெளிய வந்து தரையில படுத்துக்கிச்சு.

“ஆமாங்க, மடங்க மாட்டேங்குது”ன்னேன்.

பெர்னடெட் வந்து ஏறினாங்க. பலகை மடங்கிடுச்சு.

யாரும் யார்கிட்டயும் பேசி வெச்சுக்கல வெண்டல். அடுத்த வாரம் ரெண்டாம் நம்பருக்கும் அதே கோளாறு. அப்புறம் ஒன்பதுக்கு. இப்ப கூடல் நேரம் வந்தா எல்லா வண்டியும் ஒண்ணா நாக்கை நீட்டுது.

சீனியாரிட்டிப்படி நான் எந்தத் தடத்தை வேணும்னாலும் எடுத்துக்கலாம். ஒவ்வொரு தடவையும் பதினாலையேதான் எடுக்கறேன். கிறுக்கின்னு சொல்றாங்க. காலையில குன்று மேல இருக்கற வீடுங்களுக்குள்ள சுத்தி வரும்போது, எல்லாப் புல்வெளியிலயும் குழாய் தானாத் தண்ணி தெளிச்சுட்டு இருக்கும். ஒரு ஆளு நடமாட்டம் இருக்காது. வெயில் தண்ணியில உடைஞ்சு என் கண்ணாடி மேல விழும். பின்னால நாலு பேர் தூங்கிட்டு வருவாங்க. அவங்க கனவுக்குள்ள வண்டியை ஓட்டற மாதிரி இருக்கும். மெதுவாத்தான் திருப்புவேன்.

ட்ரூடி


மெய்ன் கடற்கரை
மே 2

ட்ரூடி,

உன் கடிதத்தைத் துறைமுகத்துக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவன் நான் சிரிக்கிறேன் என்று நினைத்து அவனும் சிரித்தான்.

சிரிக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. கூடலுக்கு நான் வருடக்கணக்காக உட்கார்ந்து காரணம் சொன்னேன், வரைபடம் போட்டேன், குழுக்கள் முன் நின்றேன். லமார் ஒரு ஸ்விட்சைத் தட்டச் சொல்லி அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டானா? அவன் பெயரையும் அந்த வெண்கலப் பலகையில் சேர்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மடங்கவில்லை என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் கன்ட்ரோல் ரூம் அதைக் கோளாறு என்று பதிவுசெய்யும். அது சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் மொத்தமாக ரெம்மின் மேசைக்குப் போகும். ரெம்முக்கு எண்கள் தெரியும். அவருடைய ஜன்னல் நிலையத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது, ஆனால் திரையை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. ஜாக்கிரதையாக இருங்கள்.

நேற்றுக் காலை பனிமூட்டத்தில் மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றாகத் துறைக்குள் வந்தன. விளக்குகள் மட்டும் தெரிந்தன. வரிசையாக நின்றன. ஒரு கணம், ஆறு, ஒன்பது, பதினான்கு என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். பலகைகள் வெளியே வருவதற்காகக் காத்து நின்றேன்.

வெண்டல்


பெல்வேர்
ஜூலை 9

வெண்டல்,

நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. சொன்னேன் பார்த்தியான்னு எழுதாதே, அதை நானே எழுதிட்டேன்.

போன மாசம் மெக்கானிக்குங்க எல்லாச் சாய்பலகையையும் கழட்டினாங்க. எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டாங்க. எண்ணெய் போட்ட மறுநாளும் கோளாறு! தலைமை மெக்கானிக் கஸ், பாவம், தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறியறார். “பட்டறையில பொண்ணு மாதிரி அடக்கமா மடங்குதும்மா. மால் பக்கம் போனாத்தான் அடம் புடிக்குது. அந்த இடத்துல தரைக்கு அடியில ஏதாச்சும் இருக்கா?”ன்னு கேக்கறார். லமார் முகத்தைத் திருப்பிக்கிட்டு இருமறான்.

அதோட நின்னிருந்தா சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். ரெம் ஒரு அறிக்கை கொடுத்திருக்கார். மொத்த வண்டிகளும் பழசாயிடுச்சாம், பலகைங்களை நம்ப முடியாதாம், சக்கர நாற்காலிக்காரங்களுக்கு ஆபத்தாம். அதனால பதினாலு, ஆறு, இன்னும் ஓரத்துல ஓடற தடங்க எல்லாத்தையும் நிறுத்திட்டு, போன் பண்ணாக் கூட்டிட்டுப் போற சின்ன வேன் விடப்போறாராம். முதல் நாளே போன் பண்ணிச் சொல்லி வெக்கணும். பெர்னடெட்டுக்கு மறுநாள் ஷிப்டு எதுன்னு அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் தெரியாது. அவங்க எப்படி முந்தின நாளே போன் பண்ணுவாங்க?

நாங்க நின்னதே எங்க வண்டியை நிறுத்தப் போவுது.

செப்டம்பர்ல கவுண்டி சபையில பொதுமக்கள் கருத்து கேக்கறாங்க. அதுக்கப்புறம் ஓட்டெடுப்பு. நாங்க போய்ப் பலகை நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா, அப்ப ஏன் பொய் சொன்னீங்கன்னு கேப்பாங்க. சொல்லாட்டித் தடம் போயிடும். லமார் சொல்றான், “உண்மை வெளிய வரட்டும், நம்மள எல்லாரையும் ஒரேயடியா வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஓட்டுநர் தேவைன்னு டிப்போ வாசல்ல தொங்கற துணி வெயில்லயே நைஞ்சுபோச்சு.” ஆனா நாங்களே சொன்னா அது குத்தத்தை ஒத்துக்கறது மாதிரிதான் இருக்கும். கூடல் எதுக்குன்னு எங்களுக்குச் சொல்லத் தெரியாது. நிக்கத்தான் தெரியும்.

உனக்குச் சொல்லத் தெரியும். எழுது, வெண்டல்.

ட்ரூடி


மெய்ன் கடற்கரை
ஜூலை 20

ட்ரூடி,

எழுதுவதா? நேரிலேயே வருகிறேன்.

சபைக்கு வந்து, ஒலிவாங்கி முன்னால் நின்று, முதலில் என் பெயரைச் சொல்வேன். வெண்டல் பாசெக். நிதானமாகச் சொல்வேன். இந்த மாவட்டத்தின் பேருந்துகளை ஒரே இடத்தில் கூட வைத்தவன் நான் என்று சொல்வேன். பிறகு ரெம்மைப் பார்த்து, உங்கள் சுவரில் இருக்கும் பலகை பொய் சொல்கிறது என்பேன். சாய்பலகையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

மூன்று வருடமாக அலைகளுக்கு எதிரே இந்தப் பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுகூடத் தெரியும். என் பெயரை அவர்கள் சேர்க்கட்டும். அப்புறம் அவர்கள் தடத்தை நான் காப்பாற்றித் தருகிறேன்.

வெண்டல்


பெல்வேர்
ஆகஸ்ட் 15

வெண்டல்,

வராதே.

கோவப்படாமப் படி. நீ எந்திரிச்சு நின்னு உன் பேரைச் சொன்ன உடனே ரெம் சிரிப்பார். “நம்ம வெண்டல்! எப்படி இருக்கீங்க? கடல் காத்து ஒத்துக்குதா?”ம்பார். சபை முழுக்க அவர் கூடச் சேர்ந்து சிரிக்கும். அப்புறம் நீ என்ன சொன்னாலும் அது வேலையை விட்டுப் போனவனோட வயித்தெரிச்சல்தான். என்னையும் திரும்பிப் பார்ப்பாங்க, உனக்கு யார் சொன்னதுன்னு. உன் பேரு வாசல்லயே மாட்டிக்கும், பின்னால இருக்கற விஷயம் உள்ளயே வராது.

உன் பேரைப் போடாததுல எனக்கு வருத்தம் இல்லைன்னு நினைக்காதே. அந்த வெண்கலப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் நான் அதைப் பார்க்கறதே இல்லை. தரையைப் பார்த்துத்தான் நடப்பேன். இதை உன்கிட்ட எப்பவோ சொல்லியிருக்கணும்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. மழையோட புகை மாதிரி மூட்டம். கூடலுக்கு ஒவ்வொரு வண்டியா வந்து நின்னுச்சு. முதல்ல விளக்கு தெரியும், அப்புறம் நம்பர், அப்புறம்தான் வண்டி. பலகைங்க எல்லாம் வெளிய வந்துச்சு. ஈரத்தரையில மஞ்ச வெளிச்சம் விழுந்து, ஜனங்க அந்த வெளிச்சத்து மேலயே மிதந்து ஒரு வண்டியிலேருந்து இன்னொரு வண்டிக்குப் போற மாதிரி இருந்துச்சு. யாரும் ஓடல. எல்லாருக்கும் நேரம் இருந்துச்சு.

புதுசா ஒரு பொண்ணு, ஊருக்கு இப்பத்தான் குடிவந்தவ, என் வாசல்ல நின்னு வாயைப் பொளந்து பார்க்கறா. “எல்லாம் எப்படி ஒண்ணா வருது? யார் இதைப் பண்ணினாங்க?”ன்னு கேட்டா.

நான் வாயைத் திறந்தேன். உன் பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள பெர்னடெட் குடையை மடக்கிக்கிட்டே சொல்றாங்க, “பண்றதா? இதை யாரும்மா பண்ணுவாங்க? சாயங்காலமானா எப்பவும் இப்படித்தான். ஏறு ஏறு, நனையாதே.”

உன்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு மூணு நாள் யோசிச்சேன். சொல்லிட்டேன்.

சபையில பேசணும்னா பேரு, முகவரி சொல்லணும். எழுதி அனுப்பினாச் சொல்ல வேண்டாம். பேரில்லாம வர்றதையும் கிளார்க் முழுசாச் சத்தமா வாசிச்சாகணும், அது நம்ம கவுண்டி வழக்கம், உனக்குத் தெரியும். முடிவு உன்னோடது.

ட்ரூடி


பெல்வேர்
செப்டம்பர் 6

ட்ரூடி,

முகவரியைப் பார்த்துக் குழம்பாதே. நான் இங்கேதான் இருக்கிறேன். நெடுஞ்சாலையோர விடுதியில் நேற்று வந்து இறங்கினேன். நாளைக் காலை போய்விடுவேன். உன் வீட்டுக்கு வரவில்லை என்று சண்டை போடாதே. உன் முகத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சைச் சபையில் பேசியே தீருவேன் என்று அடம்பிடிப்பேன். அடுத்த தடவை வருகிறேன். எலுமிச்சை கேக் நானே வாங்கி வருகிறேன்.

பெர்னடெட் சொன்னதைப் படித்து நான் கடிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு அவமானப்படுத்தியதில்லை. ரெம்கூட என் வேலையை இன்னொருவன் செய்ததாகத்தான் சொன்னார். இந்த அம்மா அதை யாருமே செய்யவில்லை என்கிறார். அலையடிக்கிற மாதிரி, பொழுது சாய்கிற மாதிரி. கடற்கரையில் வெகுதூரம் நடந்தேன். அலை யார் பெயரையும் சொல்லாமல் வந்துகொண்டிருந்தது. திரும்பி நடக்கும்போது அந்த வாக்கியம் கொஞ்சம் வேறுமாதிரி கேட்டது. என்ன மாதிரி என்று எழுத மாட்டேன். நீ அதை வைத்து வருடக்கணக்காகக் கேலி செய்வாய்.

சபைக்கு எழுத உட்கார்ந்தேன். ‘நான் ஒரு பயணி’ என்று தொடங்கினேன். அங்கேயே பேனா நின்றுவிட்டது. அது பொய். இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு தடத்தையும் நான் வரைந்தேன், ஆனால் அலுவலகத்துக்குக் காரில்தான் போனேன். அதனால்தான் வந்தேன்.

இன்று மாலை முதியோர் இல்லத்து நிறுத்தத்தில் ஆறாம் எண்ணில் ஏறினேன். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தேன். லமார் என்னைப் பார்த்தான். கண்ணாடியில் மறுபடி பார்த்தான். எனக்குப் பின்னால் பையோடு ஒரு அம்மாள் ஏறி, “இன்னைக்கு ஏன்டாப்பா இவ்வளவு லேட்டு?” என்றார்.

“உங்க அழகுல வழி தவறிட்டேன் பெர்னடெட்.”

“போடா, ரோட்டைப் பாரு.”

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மரங்களின் நிழல் ஒவ்வொன்றாக மடிமேல் ஏறி இறங்கிப் போயிற்று. யாரோ கயிற்றை இழுத்தார்கள், மணி அடித்தது, கதவு அந்தப் பெருமூச்சை விட்டது. மூன்று வருடமாகக் கனவில் கேட்டது எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது. தூங்கிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அட்டவணையில் நான் கோடாகப் போட்ட சாலை இவ்வளவு வளைந்து வளைந்து, இவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்குத் தெரியாது.

மால் நெருங்கியபோது பார்த்தேன். நாங்கள் தாமதம். மற்ற பேருந்துகள் எல்லாம் வந்து வட்டமாக நின்றிருந்தன. எல்லாவற்றின் பலகைகளும் வெளியே கிடந்தன. லமார் ஒலிவாங்கியை எடுத்தான்.

“மக்களே, நம்ம வண்டியிலயும் சாய்பலகை லேசா மக்கர் பண்ணப் போவுது. யாரும் ஓட வேண்டாம். மெதுவா இறங்குங்க.” கண்ணாடியில் பின்னால் பார்த்தான். “தொப்பி போட்ட ஐயா, நீங்களும்தான்.”

பெர்னடெட் உன் பேருந்தை நோக்கி நடந்தார். அவசரப்படவேயில்லை. நடுவில் நின்று, பையைத் தரையில் வைத்து, செருப்பில் ஏறிய கல்லைத் தட்டிவிட்டார். நீ உன் இருக்கையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாய். தலையில் நரை ஏறியிருக்கிறது உனக்கு. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பிறகு பலகைகள் மடங்கின. எல்லாம் சேர்ந்து கிளம்பின. விளக்குகள் ஒவ்வொன்றாக வளைவில் திரும்பி மறைந்தன. மேலே ரெம்மின் ஜன்னலில் திரை மூடியிருந்தது.

சபைக்கு எழுதியது இதுதான்:

‘நான் ஒரு பயணி. ஆறாம் எண்ணில் வந்தேன். உங்கள் சாய்பலகைகளில் கோளாறு இல்லை. மெக்கானிக்குகள் தேடிக் கிடைக்காதது பட்டறையில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. அங்கிருந்து ஐந்து நிமிடத்தை எடுத்துவிட்டீர்கள். தவறவிட்டவர்கள் ஒரு மணி நேரம் நிற்பார்கள் என்பதால் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் காத்திருக்கிறார்கள். காத்திருக்க அனுமதி இல்லாததால் பலகை அவர்களுக்காகப் பேசுகிறது. பலகைகளைக் காரணம் காட்டித் தடங்களை நிறுத்துவதற்கு முன், எந்த நாள் மாலையிலாவது இயக்குநரின் ஜன்னல் திரையைத் திறந்து கீழே பாருங்கள். பார்த்த பிறகு அந்த ஐந்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தால் எல்லாப் பலகைகளும் அன்றே சரியாகிவிடும்.’

முதல் தடவை எழுதி முடித்தபோது கை தன்னிச்சையாகக் கீழே என் பெயரைப் போட்டுவிட்டது. எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது தெரியுமா! வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

ரெம்மை நான் மன்னிக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். அந்த வெண்கலத்தையும் மன்னிக்கவில்லை. ஆனால் கிளார்க் இதை வாசிக்கும்போது யார் எழுதியது என்று யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. எல்லாரும் ஜன்னலைப் பார்க்க வேண்டும்.

நிலையத்துக்கு எதிரே, மாலின் மூலையில் நீலத் தபால்பெட்டி இருக்கிறது. ஊர் முத்திரை பெல்வேர் என்றே விழும், என்னை யாரும் நினைக்க மாட்டார்கள். காலையில் ஊருக்குக் கிளம்பும் முன் அங்கே போகிறேன். சபைக்கான உறையை ஒட்டிவிட்டேன். பெயர் போடாமலே போடப்போகிறேன்.